கடைசியில் வந்தவருக்கே முதல் மரியாதை

பஃபே விருந்துகளில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். அடித்தட்டு பாவம், காத்துக் கிடக்கும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை ஸ்டாக் என்பார்கள். பி.காம். படித்தவர்கள், 'அட, சரக்குக் கணக்கில் வரும் நம்ம லிஃபோ!' என்று துள்ளலாம். தப்பில்லை, தத்துவம் அதேதான்.

ஆனால் இந்த எளிய சங்கதியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் சிக்கல்.

1945ன் கடைசி. போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காக ஆலன் டூரிங் ஒரு கம்ப்யூட்டருக்குத் திட்டம் எழுதுகிறார். ஏஸ் என்று பெயர். ஒரு வேலைக்கு நடுவே மெஷினை இன்னொரு குட்டி வேலைக்கு அனுப்பினால், முடித்துவிட்டு அது விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். குட்டி வேலைக்குள் இன்னொரு குட்டி வேலை வந்துவிட்டால்? டூரிங் வழி சொன்னார். கிளம்பும்போது, திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துப் புதைத்துவிடு. முடிந்ததும் தோண்டி எடு. கடைசியில் புதைத்ததுதானே மேலே இருக்கும்? புதை, தோண்டு. நிஜமாகவே இந்த அர்த்தமுள்ள சொற்களைத்தான் எழுதினார்.

அவர் எழுதியபடி ஏஸ் முழுசாக உருவாகவில்லை. அறிக்கையும் பல வருடம் பரவலாக அச்சேறாமல் கிடந்தது. 1954ல் டூரிங்கே போய்விட்டார்.

அடுத்து மியூனிக். ஃபிரெடரிக் பாயர், கிளாஸ் ஸாமெல்ஸன் என்று இருவர். இவர்கள் கவலை வேறு. (2+3)×(4+5) என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். மெஷின் இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக அல்லவா படிக்கிறது? அடைப்புக்குறி மூடாமல் எதையும் முடிக்க முடியாது. முடியாததையெல்லாம் அடுக்கில் போடு என்றார்கள். முதல் அடைப்பு மூடியதும் மேலே இருப்பதை எடுத்துக் கூட்டினால் 5. பெருக்கல் குறி அடுக்கில் காத்திருக்கிறது. அதற்கு மேலே அடுத்த அடைப்பு ஏறி, மூடி, 9 ஆகிறது. இப்போதுதான் பெருக்கலின் முறை. 45. ஒரே ஓட்டம்தான், வரியைத் திரும்பப் படிக்கிற வேலையே கிடையாது.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் கெல்லர். ஜெர்மன் மொழியில் நிலவறை. (மியூனிக், நிலவறை என்றதும் பீர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) 1957 மார்ச்சிலேயே பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். விவரமானவர்கள்! வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஹாம்ப்ளின் என்கிற தத்துவப் பேராசிரியரும் தன் பாட்டுக்கு இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

என்னைக் கேட்டால், யோசனையில் முந்தியவர் டூரிங்தான். ஆனால் அதை வைத்துக் கணக்கைப் படிக்க மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மியூனிக்காரர்கள். 1988ல் ஸ்டாக்குக்காக ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொஸைட்டியின் முன்னோடி விருது பாயருக்குக் கிடைத்தது. ஸாமெல்ஸன் 1980லேயே காலமாகியிருந்தார்.