ஒன்றுக்கு ஒன்றரைச் சாய்வில் எடை எவ்வளவு? இரிபாரென் சூத்திரத்தை ஹட்சன் வாசித்த விதம்

கல்குவியல் அலைத்தடுப்பின் புறக் கல் எத்தனை டன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாடநூல்கள் சொல்லும் வரலாறு சுருக்கமானது. 1938இல் ஸ்பெயினின் ரமோன் இரிபாரென் ஒரு சூத்திரம் தந்தார், அதில் உராய்வு பற்றிய ஒரு பகுதி தொல்லை கொடுத்தது, 1959இல் அமெரிக்காவின் விக்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹட்சன் அந்தப் பகுதியை நீக்கி, சாய்வின் கோடேன்ஜன்ட்டையும் 'கேடி' என்ற சோதனைக் கெழுவையும் வைத்தார், அதுவே நிலைத்தது. இந்த வரலாற்றின் மூலம் ஹட்சனின் கட்டுரையே. தாம் ஏன் இரிபாரெனை விட்டு விலகினார் என்று அவர் சொன்ன காரணத்தைப் பின்வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காரணம் பாதிதான் பொருந்தும் என்பது என் வாதம். ஹட்சன் நிராகரித்தது இரிபாரெனின் கருத்தை அல்ல, அக்கருத்துக்குத் தாமே கொடுத்த ஒரு குறுகிய பொருளை.

முதலில் 1938ஆம் ஆண்டு வடிவம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கிப்புஸ்கோவா மாகாணத்துத் துறைமுகங்களில் பணியாற்றிய பொறியாளர் பசாஹெஸ் ஊரிலிருந்து வெளியிட்ட சிறு நூல் அது. அதன்படி, கல்லின் எடை அலை உயரத்தின் முப்படிக்கும் கல்லின் ஒப்படர்த்திக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். அதை வகுப்பவை இரண்டு: ஒப்படர்த்தியிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதன் முப்படி, சாய்வுக் கோணத்தின் கொசைனிலிருந்து சைனைக் கழித்து வருவதன் முப்படி. முன்னே நிற்கும் கெழு இயற்கைக் கல்லுக்கு 0.015, செயற்கைக் கட்டைக்கு 0.019. எடை டன்னில், உயரம் மீட்டரில். ஐந்தாண்டு முன்பே எடுவார்தோ தெ காஸ்த்ரோ இதே நோக்கத்தில் ஒரு சூத்திரம் தந்திருந்தார். ஆனால் சாய்வில் கிடக்கும் ஒரு கல்லின் மீது செயல்படும் விசைகளை எழுதி, அதிலிருந்து சாய்வின் பங்கைத் தெளிவாக வருவித்தது இரிபாரெனின் சூத்திரமே. பிந்தைய விவாதம் முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது. 1948–49இல் இது ஆங்கிலத்துக்கு வந்தது. அதன்பின்தான் விக்ஸ்பர்க் ஆய்வகம் இதைத் தன் மாதிரிச் சோதனைகளோடு ஒப்பிடத் தொடங்கியது.

'கொசைன் கழித்தல் சைன்' என்ற அந்தத் துண்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாய்வில் கிடக்கும் கல்லை அலை இழுக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. உராய்வுக் கெழுவைக் கொசைனோடு பெருக்கி, சைனைக் கழிக்க வேண்டும். 1938 வடிவத்தில் கொசைனுக்கு முன்னால் எதுவும் இல்லை. அதாவது அங்கே 1 மறைந்து நிற்கிறது. அப்படி 1 என்று கொண்டால், 45 பாகையில் அந்தத் துண்டு பூஜ்யமாகி, கல்லின் எடை முடிவிலிக்குப் போய்விடும். 45 பாகையை நெருங்க நெருங்க எடை கட்டுக்கடங்காமல் ஏறும்.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். அலை உயரம் 5 மீட்டர், கல்லின் ஒப்படர்த்தி 2.65, நன்னீர்க் கணக்கு. ஒன்றுக்கு இரண்டு சாய்வில் 1938 சூத்திரம் ஏறத்தாழ 12.4 டன் கேட்கிறது. ஹட்சன் சூத்திரத்தில் கேடி 3.2 என்று வைத்தால் 11.5 டன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கு மூன்றில் இரிபாரென் 4.4 டன், ஹட்சன் 7.7 டன். ஒன்றுக்கு ஒன்றரையில் ஹட்சன் 15.4 டன்னோடு நிற்க, இரிபாரென் 52 டன்னுக்குத் தாவுகிறார். ஒன்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்றரைக்குப் போகும்போது ஹட்சன் கணக்கில் எடை இரண்டு மடங்கு. 1938 கணக்கில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. மாதிரித் தொட்டியில் இந்தப் பன்னிரண்டு மடங்கு தென்படவில்லை. அந்த அளவில் ஹட்சனின் அதிருப்தி முற்றிலும் நியாயமானது.

ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. 1953இல் ஜாக்சனோடு சேர்ந்து எழுதிய அறிக்கையில், மறைந்து நின்ற 1க்குப் பதிலாக உராய்வுக் கெழுவை வெளிப்படையாக எழுதிக்கொண்டார். 1959 கட்டுரையில் அந்தக் கெழுவை, கொட்டிய கற்குவியல் தானாக நிற்கும் கோணத்தின் டேன்ஜன்ட் என்று வரையறுக்கிறார். பிறகு, கற்களை அடுக்கும் விதத்துக்கேற்ப அந்தக் கெழு மாறுகிறது, அது சற்று மாறினாலும் சூத்திரத்தின் முன்கெழு பெரிதும் அலைபாய்கிறது, ஆகவே இந்த வடிவத்தை வைத்துச் சோதனை முடிவுகளை ஒழுங்குபடுத்த முடியாது என்ற முடிவுக்கு வருகிறார்.

அலைபாய்தல் உண்மை. ஒன்றுக்கு ஒன்றரைச் சாய்வில் உராய்வுக் கெழுவை 1இலிருந்து 1.1க்கு உயர்த்தினால், வகுக்கும் முப்படி 0.0213இலிருந்து 0.0469 ஆகிறது, இரு மடங்குக்கும் மேல். ஒன்றுக்கு மூன்றில் அதே மாற்றம் ஒன்றரை மடங்குதான். கெழு 1ஐ ஒட்டி இருக்கும்போது, செங்குத்தான சாய்வில் நாம் பூஜ்யத்துக்கு மிக அருகில் நின்று கணக்குப் போடுகிறோம். அங்கே எந்தச் சிறு பிழையும் பூதாகரமாகும். ஆக, இந்தத் தடுமாற்றத்துக்கு உராய்வு என்ற கருத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு 1ஐ ஒட்டி இருந்ததே காரணம். மதிப்பு 1ஐ ஒட்டி இருக்கக் காரணம், குவியலின் கோணத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கொட்டிய கருங்கல் ஏறத்தாழ 40, 45 பாகையில் நிற்கும். அதன் டேன்ஜன்ட் 1ஐ ஒட்டித்தான் வரும்.

இப்போது பிந்தைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். நம் பாடநூல்கள் 1938ஐ மட்டுமே மேற்கோள் காட்டி நின்றுவிடுவதால், இது கிட்டத்தட்ட மறக்கப்பட்டுவிட்டது. 1948இல் மாட்ரிட்டில் துறைமுக ஆய்வகத்தைத் தொடங்கிய இரிபாரென், 1965இல் ஸ்டாக்ஹோம் கப்பல்வழிப் பேராயத்தில் திருத்திய மதிப்புகளைத் தந்தார். இயற்கைக் கல்லுக்கு உராய்வுக் கெழு 2.38, முன்கெழு 0.430. கான்கிரீட் கட்டைக்கு 2.84. நம் கடற்கரைகளிலும் அடுக்கியிருக்கும் நான்கு கால் டெட்ராபாடுக்கு 3.47.

2.38 என்பது 67 பாகையின் டேன்ஜன்ட். எந்தக் கற்குவியலும் 67 பாகையில் தானாக நிற்காது. ஆகவே இரிபாரெனின் இந்தக் கெழுவைக் கொட்டிய குவியலின் கோணம் என்று வாசிக்கவே முடியாது. அடுக்கிய கற்கள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும் பலம் அதில் அடங்கியிருக்கிறது. கல்லிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து டெட்ராபாடுக்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போவது இதை உறுதிப்படுத்துகிறது. கவ்வுதல் கூடக் கூட எண் கூடுகிறது. அடுக்கும் விதத்துக்கேற்ப உராய்வு மாறுகிறது என்று ஹட்சன் கண்டதும் இதே நிகழ்வைத்தான். இரிபாரென் அதை அளக்க வேண்டிய பொருளாகப் பார்த்தார். ஹட்சன் அளவையைக் கெடுக்கும் இடைஞ்சலாகப் பார்த்து, கேடிக்குள் சேர்த்து மூடிவிட்டார். அன்று முதல் கேடி ஒன்றே கவ்வுதலையும், அடுக்கையும், அலை உடையும் விதத்தையும், அனுமதிக்கும் சேதத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

2.38ஐ வைத்து மீண்டும் கணக்கிட்டால், ஒன்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்றரைக்கு எடை ஏற்றம் 2.53 மடங்கு. பன்னிரண்டு எங்கே, இரண்டரை எங்கே! ஒன்றுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இரிபாரென் 1.54 மடங்கு, ஹட்சன் 1.5 மடங்கு, வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். செங்குத்தான பக்கத்தில்தான் இரிபாரென் இன்னும் கூடுதல் எடை கேட்கிறார். இருவரும் எதிரெதிர்ச் சூத்திரங்கள் தந்தவர்கள் என்ற சித்திரம் 1938ஐயும் 1959ஐயும் மட்டும் வைத்து வரையப்பட்டது.

இந்த வாதத்துக்கு எதிரானதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு சாய்வில் 1938 தந்த அதே எடையை 2.38 கொண்ட வடிவம் தர வேண்டுமானால், முன்கெழு ஏறத்தாழ 0.80 இருக்க வேண்டும். இரிபாரென் தருவதோ 0.430. அதாவது 1965 மதிப்புகள் பழைய எடையில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் கேட்கின்றன. இது வெறும் உராய்வுத் திருத்தமானால் இத்தனை இறக்கம் வரக் கூடாது. திறந்த கடலில் கண்ணால் மதித்த புயல் அலையின் உயரமும், தொட்டியில் அளந்த சீரான அலையின் உயரமும் ஒன்றல்ல; எடை உயரத்தின் முப்படியில் போவதால், உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடே இந்த இடைவெளியை நிரப்பப் போதும். சேதத்தின் தொடக்கம் என்று எதைக் கொள்வது என்பதும் இரு கட்டங்களில் மாறியிருக்க இடமுண்டு. இது பொருந்தும் விளக்கம் என்று நினைக்கிறேன். நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

காலவரிசையிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. உராய்வுக் கெழுவை முதலில் வெளிப்படையாக எழுதியவர் யார்? 1950இல் இரிபாரெனும் காஸ்தோ நொகாலெஸும் தங்கள் சூத்திரத்தைப் பொதுமைப்படுத்தி வெளியிட்டார்கள், 1953இல் விக்ஸ்பர்க் அறிக்கை, 1965இல் ஸ்டாக்ஹோம். ஒருவர் வேலையை மற்றவர் படித்துக்கொண்டே எழுதிய பதினைந்து ஆண்டுகள் இவை. தொட்டிச் சோதனை தந்த நெருக்கடிதான் இரிபாரெனை 1ஐக் கைவிட வைத்தது என்றால் ஹட்சனுக்கும் அதில் பங்குண்டு. இந்த மூன்று வெளியீடுகளை மட்டும் வைத்து முந்தியவர் இன்னார் என்று தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை.

பிந்தைய வரலாற்றை விரைவாகக் கடக்கலாம். ஹட்சனின் சோதனைகள் சீரான அலைகளைக் கொண்டவை. உண்மைக் கடலின் ஒழுங்கற்ற அலையில் எந்த உயரத்தைச் சூத்திரத்தில் போடுவது என்பது பல காலம் தெளிவாகவில்லை. 1978 பிப்ரவரியில் போர்ச்சுகலின் சீனெஸ் அலைத்தடுப்பில் 42 டன் டோலோஸ் கட்டைகள் பெருமளவில் சிதறியபோது, அந்தத் தெளிவின்மைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. கட்டைகளே உடைந்தது அங்கே பெரிய காரணம் என்பதால், பழியைச் சூத்திரத்தின் மேல் மட்டும் போடுவது சரியாகாது. 1984இல் அமெரிக்கப் படைப் பொறியாளர்களின் கரைப் பாதுகாப்புக் கையேடு உடையும் அலைக்குக் கரடான கல்லின் கேடியை 3.5இலிருந்து 2.0 ஆகக் குறைத்தது. கூடவே, முன்பு போட்ட அலை உயரத்துக்குப் பதில் அதைவிட 1.27 மடங்கு பெரிதானதைப் போடச் சொன்னது. இரண்டும் சேர்ந்தால் அதே இடத்துக்கு மூன்றரை மடங்கு கனமான கல். சூத்திரத்தின் உருவத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அத்தனை மாற்றத்தையும் கேடியும் அலை உயரமுமே தாங்கின.

1988இல் நெதர்லாந்தின் வான் டெர் மேர் வெளியிட்ட சூத்திரங்களில் அலைக்காலம், கல்குவியலின் நீர் ஊடுருவல், அலைகளின் எண்ணிக்கை, சேதத்தின் அளவு எல்லாம் தனித்தனியே வெளிவந்தன. சாய்வும் அலைச்செங்குத்தும் சேர்ந்த அளவாக அவர் எடுத்துக்கொண்டதை, 1974இல் பாட்ஜெஸ் விளக்கிய பிறகு உலகம் 'இரிபாரென் எண்' என்றே அழைக்கிறது. கவிழ்ந்து உடையும் அலைக்கு வான் டெர் மேரின் சூத்திரம் ஒன்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றரைக்குத் தரும் எடை ஏற்றம் 2.83 மடங்கு. அதாவது ஹட்சனின் 2ஐவிட, 1965 இரிபாரெனின் 2.53க்குத்தான் அது அருகில். உடையாமல் பொங்கி ஏறும் அலைக்கு, ஊடுருவல் மிகுந்த குவியலில், சாய்வின் பங்கு மிகவும் குறைந்துவிடுகிறது. அங்கே ஹட்சனின் 2 கூட அதிகம். ஆகவே எல்லா அலைக்கும் இரிபாரெனே சரி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. உடையும் அலையில், செங்குத்தான சாய்வில், ஹட்சன் சூத்திரம் கல்லை இளைக்க வைக்கிறது என்பதற்கு மட்டும் இரு தனித்தனி வழிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எண்ணூர் முதல் குமரி வரை தூண்டில் வளைவுகளுக்கும் துறைமுகங்களுக்கும் கருங்கல் லாரி லாரியாகக் கரைக்கு வருகிறது. இடம் மிச்சம், கல் மிச்சம் என்று ஒன்றுக்கு ஒன்றரைச் சாய்வைத் தேர்ந்தெடுப்பது எளிது. மேலே கண்ட சூத்திரங்கள் ஒன்றோடொன்று மிகவும் முரண்படும் சாய்வும் அதுதான். வடிவமைப்பு அறிக்கை எழுதும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: கேடி மதிப்பை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, அலை உயரம் எந்த வரையறைப்படி, அந்தச் சாய்வுக்குச் சோதனை உண்டா என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.