வாயிலும் முற்றமும்: அகமதாபாத்தின் போள் குடியிருப்புகள்

அலுவல் நிமித்தம் மாற்றலாகி அகமதாபாத்துக்கு வரும் தமிழர்களாகிய நாம், பெரும்பாலும் மணிநகர் போன்ற பகுதிகளிலேயே குடியேறுகிறோம். பழைய நகருக்குள் செல்வதெல்லாம் மாணேக் சௌக்கில் ஏதேனும் பொருள் வாங்குவதற்காகத்தான். அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னே, ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டிய சந்துகளுக்குள் ஐந்து நூற்றாண்டு வரலாறு குடியிருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சுல்தான் அகமது ஷா 1411-இல் சபர்மதியின் கீழைக்கரையில் இந்நகரை நிறுவினார். பத்ரா கோட்டையும், மூன்று வாயில்களையுடைய தீன் தர்வாஜாவும், 1424-இல் நிறைவெய்திய ஜாமா மசூதியும் அரசின் ஆக்கங்கள். ஆனால் குடிமக்கள் தமக்கெனத் தாமே ஆக்கிக்கொண்டவை 'போள்'கள். வடமொழியில் வாயிலைக் குறிக்கும் 'பிரதோலி' என்னும் சொல்லே திரிந்து 'போள்' ஆயிற்று என்பர். வாயிலின் பெயரே குடியிருப்புக்கும் ஆகிவந்தது. மாணேக் சௌக்கை அடுத்துள்ள முகூர்த்தப் போளே இவற்றுள் முதலாவது என்பது வழக்கு.

போள் என்பது ஒரே குலத்தவரோ தொழிலினரோ சேர்ந்து வாழும் தெருத்தொகுதி. நுழைவில் ஒரு பெருங்கதவு, அதன்மேல் காவலனுக்கு ஓர் அறை, உள்ளே வளைந்து கிளைக்கும் சந்துகள், பறவைகளுக்குத் தானியமிடத் தூணின்மேல் எழுப்பிய 'சபூத்ரோ', பொதுக் கிணறு, கோயில். பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயரும் மராட்டியரும் இந்நகருக்காகப் போரிட்ட காலத்தில், இரவில் அடைத்த அக்கதவே குடிகளுக்கு அரணாயிற்று. 1817-இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின்னரும் போளின் பஞ்சாயத்து தன் கட்டுப்பாட்டை விடவில்லை. போளில் உள்ளோரைக் கேளாது வெளியாருக்கு வீடு விற்கலாகாது என்பது அவர்தம் மரபு. காத்த கதவே பிறரை விலக்கவும் செய்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனி வீட்டினுள் நுழைவோம். முதலில் நம்மை எதிர்கொள்வது 'ஓட்லோ'. அது வேறொன்றுமன்று, நம் திண்ணையே! அதனைக் கடந்தால் 'சௌக்' என்னும் முற்றம். இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர் ஆதலால் பக்கச் சாளரங்களுக்கு இடமில்லை. ஒளியும் காற்றும் வானிலிருந்து முற்றத்தின் வழியாகவே இறங்குகின்றன. முற்றத்தின் அடியில் சுண்ணம் பூசிய நிலத்தடித் தொட்டி. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியாக அதில் சேர்ந்து, அடுத்த மழை வரை குடிநீராகும். கடுங்கோடையில் வீடு குளிர்ந்திருப்பதற்கு இம்முற்றமும் ஒரு காரணம்.

முகப்பில் தூணும் உத்தரமும் தாங்குகட்டையும் எல்லாம் நுண்ணிய மரச்செதுக்கு வேலை. மரம் அழகுக்கு மட்டும் வைத்ததன்று. செங்கற் சுவரின் இடையிடையே மரச்சட்டங்களைப் படுக்க வைத்துப் பிணைத்தனர். நிலம் அதிர்ந்தால் சுவர் சற்றே அசைந்து கொடுக்கும். 2001 சனவரி 26-இல் பூகம்பம் தாக்கியபோது ஆற்றின் இருமருங்கிலும் எழும்பியிருந்த காங்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்து விழ, பழைய நகரின் மரப்பிணைப்பு வீடுகளுள் பெரும்பாலானவை விரிசலோடு நின்றன. பெயரறியாத் தச்சரின் அறிவுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதிர்ச்சிக்கு நின்ற வீடு ஆளின்மைக்கு நிற்கவில்லை. 1861-இல் முதல் நூலாலை இயங்கத் தொடங்கியபின் நகரம் மதிலுக்கு வெளியே பெருகியது. 1892-இல் கட்டிமுடிந்த எல்லிஸ் பாலம் மேலைக்கரைக்கு வழிதிறந்தது. வசதியுள்ளோர் தோட்டமும் வண்டி நிறுத்த இடமும் நாடி அக்கரைக்குச் சென்றனர். 1969, 1985, 2002 ஆண்டுகளின் கலவரங்கள் எஞ்சியோர் பலரையும் அச்சுறுத்தி வெளியேற்றின. வாரிசுகள் பலராகிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், சரக்கறையாகிவிட்ட வீடுகளும் மிகுந்தன. பொதுச்சுவரின் இயல்பு இங்கேதான் விளங்குகிறது. ஒருவர் தம் வீட்டை இடித்தால் அண்டை வீடுகள் இரண்டும் சார்பிழக்கின்றன.

மீட்பு முயற்சிகளும் இல்லாமலில்லை. 1996-இல் மாநகராட்சி மரபுப் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. அடுத்த ஆண்டு காலூப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து ஜாமா மசூதி வரை மரபுநடை தொடங்கிற்று. அவ்வழியில் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடத்தில் அவர் வீட்டு முகப்பை மீண்டும் எழுப்பி, அவர் சிலையையும் அமைத்துள்ளனர். 2017-இல் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இந்திய நகரங்களுள் இச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே.

எனினும், சிறப்புப் பட்டயம் கூரையை ஒழுகாமல் காக்காது. செதுக்குத் தூணை விற்றுவிட்டுப் போகும் குடும்பத்தைக் குறைகூறுமுன், செப்பனிடும் செலவை அது எங்ஙனம் தாங்கும் என்று எண்ண வேண்டும். ஆண்டுதோறும் சனவரி 14-ஆம் நாள் உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்குப் பிரிந்து போனவர்கள் பலர் பழைய மாடிகளுக்குத் திரும்பி வருகிறார்கள். அன்று ஒருநாள் போள் நிறைந்திருக்கிறது. எஞ்சிய நாள்களிலும் அங்கே அடுப்பு எரிந்தால்தான் அது ஊர், இல்லையேல் காட்சிச்சாலை.

நம் ஊர்களில் திண்ணையை இடித்துக் கடையாக்கியவர்கள் நாம். ஓட்லோவில் அமர்ந்து அவரை பிரிக்கும் மூதாட்டியைக் கண்டால் நமக்கு நெஞ்சு கனப்பதில் வியப்பில்லை. அடுத்த முறை மாணேக் சௌக்கில் பொருள் வாங்கியபின், அன்பர்கள் சற்றே பின்புறச் சந்தில் நுழைந்து பார்ப்பார்களாக.