பாலர் கம்பெனி என்னும் பள்ளி

பாலர் நாடகக் கம்பெனிகளை வெறும் பிழைப்பிடங்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. இசை நாடகத்தைச் சிறுவர்கள் முறையாகக் கற்ற பள்ளிகளும் அவைதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு.சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் தேறினார்கள். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச்சண்டை அத்தனையும் வாத்தியாரிடம் பாடம். அன்றாட மேடையே தேர்வு. ஒரே உடம்பு பாடவும் ஆடவும் நடிக்கவும் பழகியது என்பதே இந்தப் பயிற்சியின் பெருமை.

அடி விழுந்ததே, மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் வேடம் இழந்தானே என்று கேட்பார்கள். உண்மை, அந்தக் கொடுமைக்குச் சமாதானம் கிடையாது. ஆனால் கொடுமை இருந்ததாலேயே கல்வி நடக்கவில்லை என்றாகிவிடாது. 1931க்குப் பின் பேசும்படத்துக்குப் பாடத் தெரிந்த நடிகர்கள் தேவைப்பட்டபோது, அவர்களில் பலரை இந்தக் கம்பெனிகளே தந்தன.