எலும்பு சொன்ன சான்று

நேற்றுவரை ஓடியாடித் திரிந்த சிறுவன் இன்று விந்தி விந்தி நடக்கிறான். முன்வினைப் பயன் என்று முணுமுணுப்போரை நாம் அறிவோம். அவர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. படித்த மருத்துவரே தவறான தீர்ப்பை ஏந்தி நின்ற கதை ஒன்றுண்டு. தோழர்கள் அறிய வேண்டியது அதைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில், நொண்டி நடக்கும் குழந்தையைக் கண்டால் 'இடுப்பு மூட்டில் காசநோய்' என்றனர் மருத்துவர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூனாக்கும்; இடுப்பு மூட்டையும் தின்னும். அக்கூனைப் பற்றி இங்கிலாந்தின் பெர்சிவல் பாட் 1779-லேயே எழுதினார். 1882-இல் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியையே காட்டினார். எனவே ஐயம் எழவில்லை. குழந்தை படுக்கையோடு பிணைக்கப்பட்டது, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்! கடற்காற்று நலந்தரும் என்று பிரான்சு நாட்டின் பெர்க் கடற்கரை மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர்.

1895 நவம்பர் 8. செர்மனியின் வூர்ட்சுபர்க் நகரில், ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதம் தம் துணைவியாரின் கையைப் படமெடுத்தார்; தசை மங்க, எலும்பும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன! அந்தக் கதிருக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1901-இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையையும் பல்கலைக் கழகத்துக்கே தந்தார். ஆலயத்துக்கு அள்ளிக் கொடுப்போரை மட்டுமே வள்ளல் என்போர் இதைக் கேட்கட்டும்.

கருவி கிடைத்தது, உண்மை உடனே கிடைத்ததா? இல்லை. 1909-இல் ஸ்வீடன் நாட்டு வால்டன்ஸ்ட்ரோம், குழந்தைகளின் தொடை எலும்புத் தலை சிதைந்திருப்பதைப் படத்தில் கண்டார், விளக்கமாக எழுதினார். ஆனால் நோய்க்கு இட்ட பெயரோ காசநோய்! கண் புதியதைக் கண்டது. கருத்து பழையதைப் பேசியது.

மறு ஆண்டு, 1910-இல், மூன்று நாடுகளில் மூவர் தனித்தனியே எழுந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெக், பிரான்சின் அதே பெர்க்கில் கால்வே, செர்மனியில் பெர்த்தெஸ். லெக் எழுதியது ஐந்தே குழந்தைகளைப் பற்றி. நொண்டினர், ஆனால் உடல் நலிவு இல்லை, மூட்டில் சீழ் இல்லை. படத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலை தட்டையாகி இருந்தது. இது காசநோய் அன்று என்றனர் மூவரும். காரணம் கூறியபோது பிரிந்தனர்: அடிபட்டதால் என்றார் லெக், எலும்பு வளர்ச்சியின் குறை என்றார் கால்வே, மூட்டழற்சி என்றார் பெர்த்தெஸ்.

இன்று நாமறிந்தது இது: எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது, எலும்பு மடிகிறது, நொறுங்குகிறது, பின்னர் சில ஆண்டுகளில் புது எலும்பு தோன்றுகிறது. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுள்ள பிள்ளைகளுக்கு, பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கே மிகுதியாக வருகிறது. இரத்தம் ஏன் தடைப்படுகிறது என்பது இன்னும் முழுதும் விளங்கவில்லை. எனினும் எக்ஸ்ரேயில் தெரியுமுன்பே எம்.ஆர்.ஐ. படம் இரத்தமிழந்த எலும்பைக் காட்டிவிடுகிறது.

வால்டன்ஸ்ட்ரோம் பழைய தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதைக் கைவிட்டார். மடிந்த எலும்பு எப்படிப் படிப்படியாக மீள்கிறது என்பதைப் படங்களைக் கொண்டே வகுத்து 1922-இல் வெளியிட்டார். நோய் இன்றும் லெக், கால்வே, பெர்த்தெஸ் மூவரின் பெயரையே தாங்குகிறது; அதன் படிநிலைகளை அளக்க மருத்துவர் எடுப்பதோ வால்டன்ஸ்ட்ரோமின் வகுப்பு.