ஊசி போடுவதா விடுவதா: ஓர் ஓமோனின் கதை

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணி தாண்டி நண்பன் ஒருத்தன் போன் எடுத்தான். வயது 33. கலியாணம் முடித்து இரண்டு வருசம், பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளாக உடம்பெல்லாம் அலுப்பு, ஒன்றிலும் நாட்டமில்லை. வேலை முடிந்து வரும் வழியில், பின்னேரம், தானாகவே இரத்தச் சோதனை செய்து பார்த்திருக்கிறான். டெஸ்டோஸ்டெரோன் கீழெல்லைக்குச் சற்றுக் கீழே. ஜிம்முக்கு வாற அண்ணா ஒருவர் ஊசிமருந்தையும் கையில் கொடுத்துவிட்டார். "இரண்டு மாசம் போடு, புது ஆளா வருவாய்."

"நீ உதுகளை வாசிக்கிறனிதானே மச்சான். போடட்டோ, விடட்டோ?"

நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு 130 வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கதை சேவலில் தொடங்குகிறது. 1849இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் அர்னோல்ட் பெர்தோல்ட் என்ற விஞ்ஞானி, எங்கட ஊரில் மாட்டுக்கு நலமடிப்பது மாதிரி, சில இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கினார். கொண்டை சிறுத்தது, கூவல் நின்றது, சண்டைக்குப் போகவில்லை. வேறு சில சேவல்களின் வயிற்றுக்குள் விதையைத் திரும்ப வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் அவை கூவின, சண்டை பிடித்தன, கொண்டையும் வளர்ந்தது. ஆக, விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே போய் வேலை செய்கிறது. உண்மையில் இல்லாமல் போனதைத் திருப்பிக் கொடுத்தால் பலன் உண்டு.

நாற்பது வருசம் கழித்து, 1889இல், பாரிஸில் இன்னொரு பரிசோதனை. மொறீசியஸில் பிறந்த பிரௌன் செக்கார் அந்தக் காலத்தின் பெரிய உடற்றொழிலியல் அறிஞர், அப்போது வயது 72. நாயினதும் கினிப் பன்றியினதும் விதைகளைப் பிழிந்து, அந்தச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். பலம் கூடியது, படியேறக் களைப்பில்லை என்று அறிவித்தார். சிறுநீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்றுகூட அளந்து பார்த்தார் மனுசன்! செய்தி பரவி, ஏராளமானோர் அந்தச் சாற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விதை இந்த ஓமோனைச் சேமித்து வைப்பதில்லை. அது தண்ணீரில் சரியாகக் கரைவதுமில்லை. அந்தச் சாற்றில் மருந்தென்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இருந்திருக்காது. அவருக்கு வந்தது நம்பிக்கையின் பலம்.

ஓமோன் உண்மையில் கையில் கிடைத்தது 1935இல். அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லக்கோரின் குழு 100 கிலோ காளை விதைகளிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டெரோன் என்று பெயர் வைத்தது. அதே வருசம் புட்டநாண்ட், ருசிச்கா இருவரும் தனித்தனியே கொலஸ்திரோலிலிருந்து அதை உருவாக்கினார்கள். 1939இல் நோபல் பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பிறகு நோயாலோ, சத்திரசிகிச்சையாலோ, பிறவியிலேயோ விதை இயங்காத ஆண்களுக்கு உண்மையான சிகிச்சை வந்தது. அவர்களுக்கு இது ஆடம்பரமில்லை. எலும்பு, தசை, இரத்தம், மனநிலை எல்லாம் இதில் தங்கியிருக்கின்றன.

ஆனால் பிரௌன் செக்காரின் ஆசை சாகவில்லை. 2000இல் அமெரிக்காவில் தோலில் பூசும் ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. "களைப்பா? உங்கள் அளவு குறைவாக இருக்கலாம்" என்ற மாதிரி விளம்பரங்கள் பெருகின. கடைசியில் 2015இல் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் தலையிட்டு, வயது போவதால் மட்டும் அளவு குறைவதற்கு இது அனுமதிக்கப்பட்ட மருந்தல்ல என்று தெளிவாக்கியது. 2016இல் 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களில் செய்த ஆய்வின் முடிவு வந்தது. பாலுணர்வு ஓரளவு கூடியது. அலுப்பு நீங்கி உற்சாகம் வந்ததா? வெற்று ஜெல்லோடு ஒப்பிட்டால் தெளிவான பயன் இல்லை. 2023இல் 5,200 பேருக்கு மேற்பட்ட ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று ஆறுதல் தந்தது. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன.

என் நண்பனுக்கு இதையெல்லாம் விட முக்கியமான ஆண்டு 1990. அந்த வருசம் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆரோக்கியமான ஆண்களுக்கு வாராவாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசி. பாதிக்கு மேற்பட்டோரின் விந்தணு எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்தது. எதற்காக அந்த ஆய்வு தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடை முறையாக!

வெளியிலிருந்து ஓமோன் வந்தால், மூளையடியிலுள்ள கபச்சுரப்பி "போதும்" என்று விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை வேலையை விட்டுவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகும், எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. பிள்ளை வேணுமென்று காத்திருக்கிறவன், ஆம்பிளைத்தனம் கூடுமென்று கருத்தடை மருந்தைப் போட இருந்தான்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதை அந்த அண்ணா சொல்லேல்லையே" என்றான்.

இந்த ஓமோன் காலையில் கூடி, பின்னேரம் குறையும். நித்திரைக் குறைவு, உடற்பருமன், காய்ச்சல் எல்லாம் அதைக் கீழே இழுக்கும். அதனால் ஒரு பின்னேரச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யேலாது. இரண்டு வெவ்வேறு நாள், விடியக்காலமை, வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். குறைவுதான் என்றால் கோளாறு விதையிலா கபச்சுரப்பியிலா என்று ஓமோன் நிபுணர் பார்ப்பார். பிள்ளை வேணுமென்பதை அவரிடம் முதலே சொல்ல வேணும். காரணத்தைப் பொறுத்து வேறு சிகிச்சைகளும் உண்டு.

கடைசியில் கேள்வி இதுதான்: நீ பெர்தோல்டின் விதையிழந்த சேவலா, களைத்துப்போன பிரௌன் செக்காரா? சேவல் என்றால் பயப்படாமல் சிகிச்சை எடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செக்கார் என்றால் களைப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேடு.

முதல் காலைச் சோதனை முடிந்துவிட்டது. எல்லைக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. இரண்டாவதுக்கு நாளை போகிறான். ஊசிமருந்து இன்னும் லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது.