சூலகித்தி நரசம்மா

கன்னடப் பத்திரிகையில் 'சூலகித்தி' என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. நம்ம 'சூல்'தான் அது. சூல்கொண்ட பெண், சூல்கொண்ட மேகம் என்கிறோமே, அதே சூல் கன்னடத்தில் பிரசவமாகிறது. 'கித்தி' பெண்பால் விகுதி. நாம் மருத்துவச்சி என்பவரை அவர்கள் சூலகித்தி என்கிறார்கள். அந்தத் தொழிற்பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டவர் நரசம்மா.

துமகூரு மாவட்டம் பாவகடா வட்டத்தில் கிருஷ்ணாபுரம் அவர் ஊர். மூன்று பக்கமும் ஆந்திர எல்லை. மழை குறைந்த பூமி. 1920-இல் பிறந்தவர். எழுத்தறியாதவர். 12 வயதில் கல்யாணம். பெற்றது 12 பிள்ளைகள். நான்கு சிறுவயதிலேயே போய்விட்டன. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பாட்டி. ஊருக்கு வந்துபோகும் நாடோடிக் கூட்டத்தாரிடம் பச்சிலை வைத்தியம் தெரிந்துகொண்டார். 1940-இல், 20 வயதில், உறவுக்காரப் பெண் ஒருவருக்கு முதல் பிரசவம் பார்த்தார். பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை 1935-லேயே வந்துவிட்டது, வாஸ்தவம்தான். வலி கண்டவளை வண்டி கட்டிப் பாவகடாவிலிருந்து இங்கே கொண்டுவர முடியுமா?

வயிற்றில் கை வச்சே குழந்தையின் தலை எந்தப் பக்கம், துடிப்பு எப்படி என்று சொல்லிவிடுவாராம். 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள். காசு வாங்கியதே இல்லை. (தினம் ஒன்று என்றாலே 41 வருஷக் கணக்கு!) 2014-இல் துமகூரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது, 2018-இல் பத்மஸ்ரீ.

தொழிலின் கதையோ வேறு. 2005-இல் ஜனனி சுரக்ஷா யோஜனா வந்து, ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரத்தப்போக்குக்கும் ஜன்னிக்கும் கைப்பக்குவம் மட்டும் போதாது. அதில் போன தாய்மார் கொஞ்சமா? ஆனால் பொறுத்திருந்து பிள்ளையை வாங்கும் அந்தப் பக்குவத்தை யார் கேட்டு வைத்துக்கொண்டார்கள்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். அத்தனையும் அவசியமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இயல்பான பிரசவத்தை மருத்துவச்சிகளே கவனிக்கட்டும் என்று மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது டிசம்பர் 2018-இல். அதே மாதம் 25-ஆம் தேதி பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் நரசம்மா காலமானார், வயது 98. அந்த நெறிகளின்படி 18 மாதப் பயிற்சி, பதிவுபெற்ற செவிலியர்களுக்கு மட்டும். பத்மஸ்ரீ வாங்கிய நரசம்மாவுக்கு அதில் விண்ணப்பிக்கும் தகுதிகூடக் கிடையாது.