பரம்பரையலகுத் தொகுதியின் நிலைபேறு

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவிலுள்ள கெடிகே, இந்து, பௌத்த மரபுகள் இரண்டும் கலந்த பழைய கற்கோயில். போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிடாதிருத்தற்பொருட்டு, 1975 இல் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, 1980 இல் நீர்த்தேக்கக் கரையின் உயர்ந்த இடத்தில் மீள நிறுவினர். அக்கோயில் இன்று நிற்பது கல்லின் வன்மையால் மட்டுமன்று. மனிதர் எடுத்த காப்பு முயற்சியாலுமாகும். உயிர்களின் பரம்பரையலகுத் தொகுதியும் இடையறாத காப்பினாலேயே நிலைபெறுகின்றது. இவ்வுண்மை சிறிது சிறிதாகவே புலப்பட்டது.

எக்ஸ் கதிர்கள் விகாரங்களை விளைவிக்கும் என்பதை 1927 இல் முல்லர் நிறுவினார். புறஊதாக் கதிரால் நலிந்த நுண்ணுயிர்கள் கட்புலனாகும் ஒளிபட்டு மீண்டும் தழைத்தலை 1949 இல் கெல்னர் கண்டார். எனினும் டீ.என்.ஏ. இயல்பாகவே உறுதியானதென்ற எண்ணம் நீடித்தது. அதனைத் தகர்த்தவர் லின்டால். ஒவ்வொரு கலத்திலும் நாடோறும் ஆயிரக்கணக்கான பழுதுகள் தாமாகவே நேர்கின்றன எனத் தெளிந்த அவர், அத்தகைய பழுதொன்றை அகற்றும் நொதியத்தை 1974 இல் கண்டறிந்தார். 2015 இல் அவருக்கும் மொட்ரிச், சன்சார் ஆகியோருக்கும் இரசாயனத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

இக்காப்பின் பொருளை உணர நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில், தோரியம் செறிந்த மொனசைட்டு மிகுதியாகவுண்டு. அங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாக இயற்கைக் கதிர்வீச்சிற்கு ஆட்பட்டவர்கள். 2002 இல் வெளியான ஆய்வொன்று அக்கரையோர மக்களின் இழைமணி டீ.என்.ஏ.யில் விகாரங்கள் மிகுந்திருத்தலைக் காட்டியது. ஆயினும் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கதிர்வீச்சினாற் புற்றுநோய் மிகைப்பட்டதாகக் காணவில்லை. விகாரம் நேர்தலும் நோய் விளைதலும் ஒன்றல்ல. இரண்டிற்குமிடையே நிற்கும் அரண்களுள் பழுதுநீக்கமும் ஒன்று.

அதனை ஆள்வோர் யார்? 1972 இல் சுசுமு ஓனோ, நம் டீ.என்.ஏ.யிற் பெரும்பகுதியைக் 'குப்பை' என்றார். அவ்வாறு புரதத்தைக் குறியாத பகுதியிலிருந்தே நோராட் எனும் ஆர்.என்.ஏ. பிறக்கின்றதென 2016 இல் அறியப்பட்டது. டீ.என்.ஏ. பழுதுறும்போது அது பெருகுகின்றது. பூமிலியோ எனும் புரதங்களைப் பற்றிக்கொண்டு, பழுதுநீக்கத்திற்கும் கலப்பிரிவிற்கும் வேண்டிய செய்திகளை அவை அடக்கிவிடாது தடுக்கின்றது. நோராட்டை இழந்த மனிதக் கலங்களில் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையே பிறழ்ந்துவிடுகின்றது.

குறியாப் பகுதி முழுவதும் பயனுடையதென்பது இதனாற் பெறப்படாது. ஆயினும் ஆராய்ந்து பாராது ஒன்றைக் குப்பையென ஒதுக்குதல் அறிவுடையார்க்கு அழகன்று. சிதைந்த கட்டடத்தைத் திருத்தப் புகுவோன், எக்கல் எதற்குரியதென அறியுமுன் எதனையும் வீசியெறிதல் ஆகாது.